தண்ணீர் ஒட்டாத இருசப்பன்

அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு ஊர் ஏரியில் மூன்று முழுக்குப் போட்ட இருசப்பன், நனையாமல் எழுந்து கரைக்கு வந்தான். அது 1989 ஐப்பசி மாதம். வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அடி அண்ணாமலை ஏரியில் இடுப்புக்கு மேல் தண்ணீர் இருந்தது. ஆனால் அவன் வழித்த தலையில் ஒரு சொட்டு இல்லை; வேட்டி அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டியதுபோல மொடமொடவென்று இருந்தது. கரையில் நின்ற பங்காளிகள் யாரும் ஆச்சரியப்படவில்லை. பையன் சரியாக முழுகவில்லை, ஏமாற்றுகிறான் என்றே நினைத்தார்கள். பெரியப்பா அர்ஜுனன் தானே தண்ணீரில் இறங்கி, அவன் உச்சந்தலையில் கை வைத்து அமுக்கி, நிதானமாகப் பிடித்திருந்துவிட்டுத்தான் விட்டார். இருசப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தான். காய்ந்துதான் இருந்தான். நனைந்தது அர்ஜுனன்தான். மடியில் இருந்த பீடிக்கட்டும் தீப்பெட்டியும் வீணாய்ப் போனதைப் பற்றி அவர் வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தார்.

அன்றுவரை அவனும் எல்லோரையும் போல நனைந்தவன்தான். விஷயத்தின் முழு விவரம் நாள் ஆக ஆகத்தான் பிடிபட்டது. தண்ணீர் அவன்மேல் விழும், ஆனால் நிற்காது. சேப்பங்கிழங்கு இலையில் உருளுகிற மாதிரி உருண்டு ஓடிவிடும். உடுத்தியிருக்கும் துணிக்கும் அதே கதை. கழற்றிப் போட்டுவிட்டால் ஊரார் துணியைப் போல அதுவும் நனையும், சோப்புக்கு நுரைக்கும். குடிக்கிற தண்ணீருக்கு எந்தத் தடையும் இல்லை. எண்ணெயும் அவன் உடம்பில் தங்காது. வியர்வை கடுகு கடுகாக உருண்டு தரையில் விழும். டவுனில் ஒரு டாக்டர் அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தோல் நல்ல தோல், மருந்து தேவையில்லை, அடுத்த வாரம் வந்து காட்டு என்றார். கண்ணீரும் அவனுக்கு வியர்வையின் வழியிலேயே போனது. கன்னத்தில் கோடு போடாமல் விழுந்துவிடும். இதுதான் பெரிய வினையாகிவிட்டது. பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவன் கன்னத்தைப் பார்த்தார்கள், காய்ந்திருந்தது. அப்பன் செத்ததற்கு அழாத பிள்ளை என்று அன்றைக்கே பேர் வந்துவிட்டது. அழாதவன் முழுக்கிலும் நனையவில்லை என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் செய்யும் என்று பேசிக்கொண்டார்கள்.

அவன் அப்பா கோதண்டராமனின் அக்கா தங்கம்மாள், புருஷனை இழந்த பிறகு தம்பி வீட்டோடு வந்தவள். இருசப்பனின் தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவனை வளர்த்ததும் அவள்தான். தீட்டு விஷயத்தில் கிரிவலப் பாதைக் கிராமங்கள் அனைத்துக்கும் அவள் சொன்னதுதான் சட்டம். பம்பாயில் செத்த பங்காளிக்குத் தந்தி தாமதமாக வந்தால் எத்தனை நாள் காக்க வேண்டும், தீட்டு வீட்டுக் கோழி பக்கத்து வீட்டில் முட்டை போட்டால் அதைச் சாப்பிடலாமா என்றெல்லாம் அவளிடம் வந்து கேட்டுப் போவார்கள். கருமாதி அன்றும் இருசப்பன் தலையில் குடம் குடமாக ஊற்றிப் பார்த்தார்கள். ஊற்றியவர்கள் எல்லாம் நனைந்தார்கள். கடைசியில் தங்கம்மாளைக் கேட்டார்கள். நனைந்தால்தானே முழுகினதாகக் கணக்கு, முழுகினால்தானே தீட்டு போகும், ஆகவே அவனுக்கு இன்னும் போகவில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவள் முகம் சரியில்லை. இருந்தாலும் சட்டம் ஊரார் பிள்ளைக்கு ஒன்று, வளர்த்த பிள்ளைக்கு ஒன்று என்று இருக்க முடியாதல்லவா.

அதன்பிறகு இருசப்பன் தீட்டிலேயே இருந்தான். மற்றவர்களுக்குப் பதினாறு நாளில் முடிகிற காரியம் அவனுக்கு வருஷக்கணக்கில் ஓடியது. கோயிலுக்குள் போகக்கூடாது, கல்யாணப் பந்தியில் உட்காரக்கூடாது, மாரியம்மனுக்குக் காப்பு கட்டினால் தெருப் பக்கம் வரக்கூடாது. சோறு தனியாக ஒரு தட்டில், கொஞ்சம் தள்ளி வைத்து நகர்த்தப்படும். யாரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பார்த்தால் சிரித்தார்கள், சௌக்கியம் விசாரித்தார்கள், அப்படியே ஓர் ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். அவன் தொழில் கிணற்று மோட்டார் ரிப்பேர். சுற்றுவட்டாரத்தில் அவன் அளவுக்குக் கைராசிக்காரன் இல்லை. கிணற்றில் இறங்கி, தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடியில் சேறு அடைத்த ஃபுட்வால்வைக் கழற்றி மாட்டிவிட்டு, போட்ட சட்டை கலையாமல் ஏறி வருவான். அவன் வந்துபோன வீட்டில் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள். அவன் ஓடவைத்த மோட்டாரில் வந்த தண்ணீரில்தான் அவன் தொட்ட தீட்டைக் கழுவினார்கள். இதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஊர் எப்படிப்பட்ட ஊர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே கிரிவலப் பாதையில் அந்தக் காலத்தில் நின்றுகொண்டே தூங்கும் சாமி ஒருவர் இருந்தார். வருகிறவர் போகிறவரை எல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கும் சாமி ஒருவர் இருந்தார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைச் சுற்றி வாடகை அறைகளில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்களில் ஒருவர் காலை முழுவதும் ஒரு வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவருக்கு டீ அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இவர்களில் யாரையும் ஊர் ஒரு சொல் சொன்னதில்லை. விசித்திரமாக இருப்பதற்கு இந்த ஊரில் பூரண உரிமை உண்டு, ஆனால் அதற்கு வெளியூரிலிருந்து வந்திருக்க வேண்டும். உள்ளூரில் ரேஷன் கார்டு வைத்துக்கொண்டு, பங்காளிகளோடு வரப்புத் தகராறும் வைத்துக்கொண்டு ஒருவன் விசித்திரமாக இருந்தால் அதைத் திமிர் என்பார்கள். இருசப்பனுக்கு இது நன்றாகவே தெரியும். அவனுக்குச் சாமியாகவும் ஆசையில்லை, நனையவும் தனியாக ஆசையில்லை. பந்தியில் நாலு பேரோடு தோள் இடிக்க உட்கார்ந்து, இலையில் ரசம் ஓடிவிடாமல் சோற்றை அணைகட்டிச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆசை அவனைச் சில நாள் ரொம்பவே வாட்டியது.

பங்காளிகளும் சும்மா இருக்கவில்லை. அவர்களும் நல்லவர்கள்தான், அவனை நனைத்துவிட வேண்டும் என்று மனசாரப் பாடுபட்டார்கள். சாத்தனூர் அணையில் ஷட்டர் திறந்தபோது கீழே நிறுத்திப் பார்த்தார்கள். ஆடிப் பெருக்குக்கு லாரி பிடித்துக் காவேரிக்குக் கூட்டிப் போனார்கள். அர்ஜுனன் அவனை ராமேசுவரத்துக்கே அழைத்துப் போய், தீர்த்தக் கிணறு ஒவ்வொன்றிலும் வாளி வாளியாக ஊற்றச் செய்தார். கூட நின்றவர்கள் எல்லோரும் சொட்டச் சொட்ட நனைய, நடுவில் இருசப்பன் மட்டும் கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்று நின்றான். திரும்பி வரும்போது ரயிலில் அர்ஜுனனுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. இருசப்பன்தான் நெற்றியில் ஈரத்துணி போட்டுப் பார்த்துக்கொண்டான். விழுப்புரத்தில் இறங்கிய பிறகு அர்ஜுனன் மறக்காமல் குழாயடியில் தலைமுழுகிவிட்டு வந்தார், காய்ச்சலோடு.

1995இல் கீழ்பென்னாத்தூர் மணிவேல் நிலத்தில் மோட்டார் நின்றுபோனது. வேர்க்கடலை பூ பிடிக்கிற நேரம். இருசப்பன் போய்க் கிணற்றில் இறங்கி வேலையை முடித்து மேலே வந்தபோது, மணிவேலின் மகள் வேதா வரப்பில் நின்றிருந்தாள். அவள் பால்வாடி டீச்சர். இருபத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகாதவள், மொபெட் ஓட்டுபவள். அவளைப் பற்றியும் அந்த ஊரில் பேச்சு இருந்தது. நாள் முழுக்கப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, தானும் எதையும் நேராகக் கேட்டுவிடுகிற பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. ஏன் நனையவில்லை என்று கேட்டாள். தெரியவில்லை என்றான். வலிக்குமா என்று கேட்டாள். இல்லை என்றான். வேறு என்ன கஷ்டம் என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவன் பந்தியைப் பற்றிச் சொன்னான். சொல்லி முடித்ததும் அவன் காலடி மண்ணில் இரண்டு மூன்று பொட்டுக் குழிகள் விழுந்திருந்ததை அவள் பார்த்தாள். அந்த மோட்டார் அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் பலமுறை நின்றது. ஒவ்வொரு முறையும் யாரோ ஃபுட்வால்வில் துணியை அடைத்திருந்தார்கள். யார் என்று மணிவேலுக்குத் தெரியும், ஆனால் மகள் விஷயம் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணப் பேச்சு வந்தபோது மணிவேல் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மாப்பிள்ளை நனைகிறாரா நனையவில்லையா என்பது பற்றி அவருக்கு அக்கறை இல்லை. ஆனால் மேடையில் மாப்பிள்ளை பக்கம் பங்காளிகள் நிற்க வேண்டும். அநாதைக்குப் பெண் கொடுத்தான் என்று தன்னை ஊர் சொல்லக்கூடாது. தீட்டுக்காரன் மேடையில் பங்காளிகள் எப்படி நிற்பார்கள்? ஆகவே கல்யாணம் நடப்பதும் நடக்காததும் தீட்டில் வந்து நின்றது. அர்ஜுனன் பஞ்சாயத்தைக் கூட்டினார். மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் எல்லோரும் உட்கார, இருசப்பன் வழக்கப்படி தள்ளி நின்றான். கீழ்பென்னாத்தூரிலிருந்து மணிவேல் வந்தார். அவர் பின்னால் மொபெட்டில் வேதாவும் வந்து இறங்கினாள். தன் கல்யாணப் பேச்சுக்குத் தானே வந்த பெண்ணை அந்த மரத்தடி அதுவரை பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் இருசப்பனை மறந்து அவளைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

பழைய பேச்சையே திரும்பப் பேசினார்கள். நனையவில்லை, ஆகவே முழுகவில்லை, ஆகவே தீட்டு போகவில்லை. வேதா பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் பெரியவரே. தண்ணியே ஒட்டாத ஆளு மேல, தீட்டு மட்டும் எப்படிங்க ஒட்டும்?"

ஆறு வருஷமாக ஊரே கூடி அவனை நனைக்கப் பார்த்ததே தவிர, இந்தப் பக்கமாக யாரும் யோசித்திருக்கவில்லை. வாத்தியார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மட்டும் விடவில்லை. விபூதி அவன் நெற்றியில் ஒட்டுகிறதே, காய்ந்த பொருள் எதுவும் ஒட்டத்தான் செய்கிறது, ஈரமானதுதான் ஒட்டுவதில்லை, ஆகையால் தீட்டு என்பது ஈரமானதா காய்ந்ததா என்று முதலில் முடிவுகட்ட வேண்டும் என்றார். இது நியாயமாகப் பட்டது. காய்ந்ததுதான், சுடுகாட்டுச் சாம்பலிலிருந்துதானே வருகிறது என்றார்கள் ஒரு பக்கத்தார். ஒருவர் தொட்டால் இன்னொருவருக்குப் பரவுகிறதே, ஈரம்தானே அப்படிப் பரவும் என்றார்கள் மறு பக்கத்தார். டீ வந்தது, குடித்தார்கள், மறுபடி பேசினார்கள். மணிவேல் கடிகாரத்தைப் பார்த்தார். முடிவில் எல்லோரும், பெண்கள் பக்கத்தில் தூணோரம் உட்கார்ந்திருந்த தங்கம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"தீட்டு ஈரந்தான்," என்றாள். "காஞ்சதா இருந்தா தட்டிவுட்டா போயிருக்குமே, இன்னாத்துக்கு முழுக்கு?" பிறகு நிறுத்தி, மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இன்னொண்ணு. அவன் அழலை, அழலைன்னு இத்தினி வருசமா பேசிக்கினு இருக்கீங்க. என் தம்பிய கெடத்தியிருந்த அன்னைக்கு அவன் குந்தினு இருந்த எடம் பூரா ஈரம். தொடச்சவ நானு."

ஏன் இதை அப்போதே சொல்லவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவள் தட்டைத் தள்ளி நகர்த்திய அத்தனை வேளைகளும் அவளுக்கு நினைவிருந்தன என்பது முகத்திலேயே தெரிந்தது. அர்ஜுனன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தீட்டு ஈரம் என்பது முடிவாகிவிட்டதால் இருசப்பனுக்கு அது ஒருநாளும் ஒட்டியதே இல்லை என்று அறிவித்தார். அன்று மதியமே மரத்தடியில் பந்தி போட்டு அவனை நடுவில் உட்காரவைத்தார்கள். இரண்டு பக்கமும் தோள் இடித்தது. அவன் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்துப் பரிமாறியவர்களே பயந்துபோனார்கள்.

அதற்குப் பிறகு வேறு தொல்லை. தீட்டே ஒட்டாத மனிதன் என்ற செய்தி செங்கம் ரோடு வரைக்கும் போய்விட்டது. வாடகை அறைகளிலிருந்து ஒரு கூட்டம் பழத்தட்டோடு வந்து இறங்கியது. உலகத்தில் இருந்தும் உலகம் ஒட்டாதவர் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஓலைக்கூரை போட்ட இடம், மான்தோல் எல்லாம் நாங்களே தருகிறோம், காலையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் போதும் என்று கேட்டார்கள். அர்ஜுனன் பக்கத்துப் புறம்போக்கில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் அளவுக்கு யோசித்துவிட்டார். இருசப்பன் பழங்களை வாங்கிக்கொண்டு, வேட்டவலம் பக்கம் ஒரு மோட்டார் காத்திருக்கிறது என்று ஸ்பேனர் பையோடு கிளம்பிவிட்டான். ஊர் இதைக் கேட்டுத் திகைத்துப்போனது. நனையாததைக்கூட ஒருவழியாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் சாமியாக இத்தனை வசதி இருந்தும் சாமியாகாத மனிதனைத் திருவண்ணாமலையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. இப்படியும் ஒரு போக்கா என்று சில மாதங்கள் பேசினார்கள். பேசிப் பேசி அலுத்ததும், அவன் சுபாவமே அப்படி என்று விட்டுவிட்டார்கள்.

1996 தை மாதம் கீழ்பென்னாத்தூரில் கல்யாணம் நடந்தது. தாரை வார்க்கும்போது கூட்டம் முழுக்க எட்டிப் பார்த்தது. வேதாவின் கை நனைந்தது, கீழே இருந்த இருசப்பனின் கை நனையவில்லை, தண்ணீர் தாம்பாளத்தில் விழுந்தது. ஐயர் ஒரு கணம் நிறுத்தினார், பிறகு மேலே மந்திரத்தைத் தொடர்ந்தார். மேடையில் பங்காளிகள் நெருக்கியடித்து நின்றார்கள், அர்ஜுனன் எல்லோருக்கும் முன்னால். அதன்பின் வருஷங்கள் சுகமாகவே போயின. நல்ல காரியங்களுக்கு முதல் கை அவன் கைதான் என்றாகிவிட்டது. புதுக் கிணறு வெட்டினாலும் போர்வெல் போட்டாலும் அவனை இறங்கவோ தொடவோ சொன்னார்கள். மழையில் ஓடுகிறவர்கள் தீப்பெட்டியையும் பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டையும் அவன் சட்டைப்பையில் கொடுத்துவிட்டு ஓடினார்கள். பஸ்ஸில் சொட்டுகிற இடத்தில் யாரும் கேட்காமலே அவன் உட்கார்ந்துகொள்வான். வெளியூர்க்காரர் யாராவது இது என்ன அதிசயம் என்று கேட்டால், இதில் என்ன இருக்கிறது, அவங்க வகையறாவே அப்படித்தான் என்றார்கள். வகையறாவில் அவன் ஒருவன்தான் அப்படி என்பதை ஊர் மறந்தே போயிருந்தது.

2001 கார்த்திகையில், மலைமேல் தீபம் ஏற்றி மூன்றாம் நாள், வேதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தென்றல் என்று பேர் வைப்பதாக முன்பே முடிவு. ஆஸ்பத்திரியில் துடைத்துத்தான் கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றியது வீட்டுக்கு வந்த பிறகுதான். பங்காளிகள் அனைவரும் வாசலில் கூடிவிட்டார்கள். அர்ஜுனன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொல்லையில் தங்கம்மாள் பலகைமேல் உட்கார்ந்து காலை நீட்டி, குழந்தையைக் காலில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு கை அள்ளி ஊற்றினாள். தலைமுடி மண்டையோடு ஒட்டிக்கொண்டது. இன்னொரு கை ஊற்றினாள். முதுகில் தண்ணீர் நின்றது, மடிப்பில் தங்கியது, விரலிடுக்கில் நின்று மினுங்கியது. குழந்தை முழுசாக நனைந்துவிட்டது.

பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செய்தி வாசலுக்குப் போனது. மூன்று மாதம் போகட்டும், தோல் கெட்டிப்பட்டதும் சரியாகிவிடலாம் என்றார் ஒருவர். தாய்வழியைக் கொண்டிருக்கும், கீழ்பென்னாத்தூரில் அவங்க வீட்டில் எல்லோருமே நனைகிறவர்கள்தான் என்று இன்னொருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். ராமேசுவரம் ஒருமுறை போய்வரலாமா என்று அர்ஜுனனே ஆரம்பித்தார். இருசப்பன் கொல்லைக் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தள்ளி வைத்த தட்டும், ஓரமாக ஒதுங்கிப் போகும் சிரித்த முகங்களும் அவன் கண்முன் வந்தன. தன் பிள்ளை இவர்கள் எல்லோருக்கும் நடுவில் நனைகிறவளாக எப்படி வளரப்போகிறாள் என்று அவன் உண்மையிலேயே பயந்தான். ஊரில் எல்லோருமே நனைகிறவர்கள்தான் என்பது அந்த நேரத்தில் அவனுக்கும் நினைவுக்கு வரவில்லை. அவன் காலடியில் தரை நனைந்துகொண்டிருந்தது.

தங்கம்மாள் மட்டும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கித் தன் முந்தானையில் சுற்றி, தலையைத் துவட்டினாள். அவள் புடவை முழுக்க ஈரமாகிவிட்டது.

"நனையுது, அவ்ளோதானே," என்றாள். "நனைஞ்சா நனையட்டும். தொடச்சிக்கலாம். நம்ம பொண்ணு."

அவள் சொன்னால் சட்டம். வாசலில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று எழுந்து, ஒவ்வொருவராக உள்ளே வந்து குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சர்க்கரை வாயில் போட்டுக்கொண்டு போனார்கள். அன்று மாலை மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. இருசப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனான். தேரடித் தெருவில் ஒரு கடையில் ஏறி, எது எப்படி விரியும் என்று கடைக்காரரை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி, தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு குடை வாங்கினான்.